45-க்கு மேல் எல்லாப் பெண்களும் ஒரே பிரிவா?

கேள்வி:
எனக்கு வயது 58. போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் 63 நிமிடம் 40 வினாடியில் முடித்தேன், இத்தனை வருடத்தில் என்னுடைய சிறந்த நேரம் இதுதான். பெண்களுக்கு மூன்றே பிரிவு, கடைசிப் பிரிவு "45-க்கு மேல்". மேடை ஏறிய மூன்று பேருக்கும் 50 கூட ஆகவில்லை. அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, பிரமாதமாக ஓடினார்கள். ஆனால் அதே ஓட்டத்தில் ஆண்களுக்கு 45–54, 55–64, 65-க்கு மேல் என்று தனித்தனியாகப் பரிசு. ஏன் என்று கேட்டேன், "அந்த வயசுல லேடீஸ் வர்றதில்லைம்மா" என்றார் மேசையில் இருந்தவர். வீட்டுக்கு வந்து ரிசல்ட்டை ஒவ்வொரு வரியாக எண்ணினேன். 55 தாண்டிய பெண்கள் 11 பேர் ஓடியிருக்கிறோம். எழுதிக் கேட்டால் மாற்றுவார்களா?

பதில் 1:
கண்டிப்பாக எழுதுங்கள் அக்கா. உலக அளவில் மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்தே ஐந்தைந்து வருடமாகத்தான் பிரிக்கிறார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி. 2026 பாஸ்டன் மாரத்தானில் ஓட விண்ணப்பிக்க, முன்பே ஒரு மாரத்தானை முடித்திருக்க வேண்டிய தகுதி நேரத்தைப் பாருங்கள்: பெண்களில் 45–49 வயதுக்கு 3:45 (3 மணி 45 நிமிடம்), 55–59-க்கு 4:00, 60–64-க்கு 4:20. பத்து வருடத்துக்கு 15 நிமிடம், அடுத்த ஐந்தே வருடத்துக்கு இன்னும் 20 நிமிடம் தருகிறார்கள். வயது ஏற ஏற வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பது அதிலேயே தெரிகிறது. ஜப்பானின் மரிகோ யுகேதா 62 வயதில், 2021-ல் ஒசாக்காவில் 2:52:13-ல் மாரத்தான் ஓடினார். அவரைப் போல ஓடுகிறவர் உலகத்திலேயே அபூர்வம், அவரை வைத்து எல்லோரையும் ஒரே கூடையில் போட முடியாது.

பதில் 2:
நான் இரண்டு மூன்று ஓட்டங்களுக்கு வாலண்டியராக வேலை பார்த்தவன். பெரும்பாலும் போன வருடத்து அட்டவணையை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள், அதுதான் காரணம். பதிவு தொடங்கிய பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது, அடுத்த வருட அறிவிப்பு வருவதற்கு முன்பே எழுதுங்கள், அந்த 11 என்ற எண்ணையும் சேர்த்து. ஒரு பிரிவுக்குக் கூடுதலாக ஆவது மூன்று கோப்பை, அவ்வளவுதான் செலவு. அப்புறம் இன்னொன்று, வயதுப் பிரிவுப் பரிசு கன் டைம் (ஓட்டம் தொடங்கும் சத்தத்திலிருந்து எண்ணுவது) கணக்கா, சிப் டைம் (நீங்கள் ஸ்டார்ட் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுவது) கணக்கா என்றும் கேட்டுவிடுங்கள். பின்வரிசையில் நிற்பவர்கள் ஸ்டார்ட் கோட்டைத் தொடவே சில நிமிடம் ஆகிவிடும், அதைப் பிடித்தம் செய்தால் இடமே மாறிவிடும்.

பதில் 3:
எனக்கு 61. எங்கள் ஊர் ஓட்டத்தில் இரண்டு வருடம் முன்புதான் 60-க்கு மேல் என்று பெண்களுக்குப் பிரிவு வந்தது. முதல் தடவை நான்கு பேர், இந்த வருடம் ஒன்பது. பிரிவு இருக்கிறது என்று தெரிந்தால்தானே வருவார்கள்? ஒருவர் சுடிதாரில்தான் ஓடுவார், துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் இறுக்க முடிச்சுப் போட்டிருப்பார். எட்டாவது கிலோமீட்டர் வரை அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினேன், மேம்பாலம் ஏறும்போது எட்டிப் பிடித்தேன், இறக்கத்தில் என்னை மறுபடி தாண்டிவிட்டார். 12 வினாடி வித்தியாசத்தில் எனக்கு இரண்டாமிடம். முடித்ததும் என் கையைப் பிடித்து, "நீங்க பின்னாடி வர்ற சத்தம் கேட்டுத்தான் இவ்ளோ வேகமா வந்தேன்" என்றார். 46 வயதுப் பெண்ணோடு ஓடியிருந்தால் முதல் கிலோமீட்டருக்கு அப்புறம் எங்கள் இரண்டு பேருக்குமே துரத்த ஆளே இருந்திருக்காது.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அந்த 11 பேரில் மூன்று பேரை எனக்குத் தெரியும், பூங்காவில் காலையில் பார்ப்பேன். நாளைக்கே பேசி, எல்லோர் பெயரும் நேரமும் போட்டு ஒரே மெயிலாக அனுப்பப் போகிறோம். சிப் டைம் விஷயத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.