ஓரின் கெய்ஷாவாம்!

ஒற்றைக்கை_ஓநாய்: 'செகிரோ' வீடியோ கேமில், மிபு கிராமத்தில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி ஜப்பானிய இசைக்கருவியை வாசிக்கும் ஓரினை யாரோ 'கெய்ஷாப் பேய்' என்று எழுதியிருக்கிறார். ஷாமிசெனைத் தொட்டவளெல்லாம் விருந்துகளில் ஆடிப்பாடும் கெய்ஷாவா? அவள் கோஸே. ஊர் ஊராக நடந்து, வீட்டு வாசல்களில் பாடிப் பிழைத்த பார்வையற்ற பெண்களின் சாயல் அது.

பழைய_கன்சோல்: எழுதியது நான்தான். பார்வையில்லாதவள் என் வாள்வீச்சை எப்படித் தடுக்கிறாள்?

ஒற்றைக்கை_ஓநாய்: ஆவிக்குக் கண் எதற்கு ஐயா? அதோடு, ஜப்பானின் எச்சிகோ பகுதியில் (இன்றைய நீகாட்டா) கோஸேக்கள் வரிசையாகத்தான் நடப்பார்கள். முன்னால் போகிறவளுக்கு ஓரளவு பார்வை இருக்கும். பின்னால் வருகிறவள் அவள் முதுகிலுள்ள மூட்டையைத் தொட்டுக்கொண்டே வருவாள். கொஞ்சம் கண் தெரிந்தாலும் கோஸேதான்.

பழைய_கன்சோல்: முதலில் பார்வையற்றவள், இப்போது கொஞ்சம் தெரியுமா? நாளைக்குக் கண்ணாடி போட்டுவிடுவீர்களோ? வாளை எப்படித் தடுக்கிறாள், அதைச் சொல்லுங்கள்.

மிபு_வாசி: கதை நடப்பது செங்கோகு என்ற உள்நாட்டுப் போர்க் காலத்தின் கடைசியில், 16ஆம் நூற்றாண்டு முடியும் வாக்கில். ஷாமிசெனே 16ஆம் நூற்றாண்டில்தான் ரியூக்யூ தீவுகள் (இன்றைய ஒகினாவா) வழியாக ஜப்பானுக்கு வந்தது. கெய்ஷாக்கள் அதற்கும் வெகுகாலம் பிந்தியவர்கள். கோஸே சங்கங்கள் வலுப்பெற்றதும் எடோ காலத்தில்தான் (1603–1868).

ஒற்றைக்கை_ஓநாய்: காலத்தைப் பற்றி யார் கேட்டது? பேச்சு கண்ணைப் பற்றி. 1977இல் மசஹிரோ ஷினோடா 'ஹனாரே கோஸே ஓரின்' என்றே ஒரு படம் எடுத்தார். ஆண் உறவால் கூட்டத்திலிருந்து விலக்கப்பட்ட பார்வையற்ற பாடகியின் கதை. விளையாட்டிலும் ஓரின், இவளும் சகுஸா என்ற ஆளைத் தேடித் தவிக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழைய_கன்சோல்: பெயர் ஒன்றானால் ஆள் ஒன்றா? போன மாதம் ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல் ஊதித் திரிந்த கொமுசோ என்ற ஜென் துறவிகள் எல்லாரும் ஒற்றர்கள் என்று அடம்பிடித்தவர்தானே நீங்கள்!

ஒற்றைக்கை_ஓநாய்: 'எல்லாரும்' என்று நான் சொல்லவே இல்லை. தலையை மூடும் கூடைத்தொப்பி ஒற்றர்களுக்கு வசதி என்றேன். திரிப்பதே உங்களுக்கு வேலை.

மிபு_வாசி: கொமுசோ சண்டையை இங்கே இழுக்காதீர்கள்.

ஒற்றைக்கை_ஓநாய்: நீங்கள் சும்மா இருங்கள். ஹரு கொபயாஷி என்ற கோஸே 105 வயது வாழ்ந்து 2005இல்தான் காலமானார். அவர் பாடிய பதிவுகள் இருக்கின்றன. வயலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும் அடித்தொண்டைக் குரல். அதைக் கேட்டவர் யாரும் ஓரினைக் கெய்ஷா என்று சொல்லமாட்டார்.

பழைய_கன்சோல்: கேட்டேன். அருமையான குரல். வாளை எப்படித் தடுக்கிறாள்?

ஒற்றைக்கை_ஓநாய்: முதலில் அந்தக் கொமுசோ பொய்யைத் திரும்பப் பெறுங்கள். அப்புறம் பேசலாம்.