நாலு மாதமாகக் கவட்டுக்குள் படை, பூசப் பூசத் திரும்பி வருகிறது

சுன்னாகப்_பெடியன்:
வெட்கத்தை விட்டுத்தான் கேட்கிறேன். வயது 27. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் ரவுனுக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன், அதுவும் இறுக்கமான ஜீன்ஸோடு. சித்திரை வெக்கையில் வலது தொடை இடுக்கில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் சிவப்பாகத் தொடங்கியது, இப்போது இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலம். ஓரம் தடித்துச் சொரசொரப்பாக இருக்கிறது, நடுப்பகுதி கறுத்துவிட்டது. இரவில் கடி தாங்க ஏலாது. பார்மசியில் ஒரு சின்ன ரியூப் தந்தார்கள். பூசினால் இரண்டாம் நாளே கடி நிற்கும், விட்டால் ஒரு கிழமைக்குள் முந்தினதை விடப் பெரிதாக வரும். மூன்று ரியூப் முடிந்துவிட்டது. கூட்டாளி ஒருவன் தேசிக்காய்ப் புளி விடச் சொன்னான், அன்று கிணற்றடியில் நான் துள்ளின துள்ளு எனக்குத்தான் தெரியும். என்னதான் செய்வது?

வடலியடி:
தம்பி, முதலில் அந்த ரியூப்பின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதை வாசித்துப் பாரும். பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்று ஏதும் இருந்தால் அது ஸ்டீரோயிட். தோலின் எதிர்ப்பை அமத்திவிடும், அதனால்தான் கடியும் சிவப்பும் குறைந்து சுகம் வந்த மாதிரி இருக்கும், உள்ளே படையை உண்டாக்கும் பங்கசு (பூஞ்சை) ஆறுதலாகப் பரவும். எனக்கும் இதே கதைதான், ஒன்றரை வருஷம் இழுத்தது. படை போய்விட்டது, ஆனால் தோல் மெலிந்து தொடையில் விழுந்த வெள்ளைக் கோடுகள் இன்னும் போகவில்லை. அதை நிற்பாட்டினால் சில நாள் கடி கூடும், அதற்குப் பயந்து திரும்ப அதையே பூசிவிடாதேயும்.

நெல்லியக்கா:
பார்மசியில் பத்து வருஷம் நின்றவள் என்பதால் சொல்கிறேன், அண்ணை சொன்னது சரி. சாதாரணப் படைக்கு குளோற்றிமசோல் என்ற பங்கசு மருந்து மட்டும் உள்ள கிறீமை நாளுக்கு இரண்டு தரம், படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியேயும் சேர்த்துப் பூச வேண்டும். பார்வைக்கு மாறின பிறகும் ஒன்றிரண்டு கிழமை விடாமல் பூசுங்கோ, முக்கால்வாசிப் பேர் பிழை விடுவது இங்கேதான். ஆனால் தம்பி, உங்களுக்கு நாலு மாதமாகிவிட்டது, ஸ்டீரோயிட்டும் பட்டிருந்தால் கிறீம் மட்டும் காணாது போகலாம். தோல் டொக்டரிடம் காட்டுங்கோ. சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், தேவையென்றால் குளிசையும் தருவார்கள். அந்தக் குளிசையை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம், ஈரலைப் பார்த்துத்தான் கொடுப்பது. இந்தக் கரைச்சல் அடிக்கடி வருகிறவர்கள் சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் ஒருக்கால் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, கால் விரல் இடுக்கைப் பார்த்தீர்களா? அங்கே வெளிறித் தோல் உரிந்தால் பங்கசு அங்கிருந்து ஏறியிருக்கலாம். உள்ளாடையைக் கால் வழியாக இழுக்கும்போது அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும், ஆகவே முதலில் சொக்ஸ், பிறகு உள்ளாடை.

சுன்னாகப்_பெடியன்:
அக்கா, இப்பதான் பார்த்தேன், சின்ன விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே ஊறின மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கிறது, சப்பாத்தால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரியூப்பில் பெற்றாமெதசோன் என்று தெளிவாகப் போட்டிருக்கு. வீட்டில் தம்பியும் நானும் ஒரே துவாய், அவனுக்கும் இடுப்பில் ஒரு வட்டம் வந்திருக்கிறதாம், இப்பதான் வாயைத் திறக்கிறான்.

வடலியடி:
அப்ப இரண்டு பேரும் சேர்ந்தே போங்கோ, ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். துவாயைப் பிரித்துவிடுங்கோ. துவாய், உள்ளாடை எல்லாவற்றையும் சுடுதண்ணியில் தோய்த்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கோ, அறைக்குள் கயிறு கட்டிக் காயவைக்கிற வேலை வேண்டாம். குளித்த பிறகு இடுக்கை ஒற்றித் துடைத்துக் காயவிட்டுத்தான் உடுக்க வேண்டும். வீட்டில் நிற்கும்போது சாரம் போதும், அந்த ஜீன்ஸை கொஞ்ச நாளைக்கு அலுமாரியில் வையும்.

சுன்னாகப்_பெடியன்:
சரி அண்ணை. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கிறேன், என்ன லீவு என்று மனேஜர் கேட்டால் பல்லுக்கு என்றுதான் சொல்லப் போகிறேன்.