ஆன் அரைவல் விசாவுக்குத் தமிழில் என்ன? (சனிக்கிழமைக்குள் வேண்டும்)

புதூரான், செவ்வாய் காலை

எல்லாருக்கும் வணக்கம். அவசர வேலை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம்மூர் டிராவல்ஸ் ஒன்றுக்காக, முதல் தடவை வெளிநாடு போகிறவர்களுக்கு நாலு பக்கத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும், தங்கப்போகும் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கு அத்தாட்சி, இதெல்லாம் மளமளவென்று ஓடிவிட்டது. அந்த நாட்டில் போய் இறங்கின பிறகு அங்கேயே தருகிறார்களே, அந்த ஆன் அரைவல் விசாவில் வந்து வண்டி நின்றுவிட்டது.

'வருகை விசா' என்றுதான் முதலில் போட்டேன், செய்தித்தாள்களிலும் அப்படி வருவதுண்டு. ப்ரூஃப் படித்த பெண், "சார், இது விசிட் விசாவா, ஆன் அரைவலா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. வருகை என்றால் இரண்டும்தானே!

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. போன வருடம் எனக்குத் தெரிந்த செல்லூர்க்காரர் ஒருவர், துபாய்க்கு வருகை விசா உண்டு என்று எங்கேயோ படித்துவிட்டு, இறங்கினதும் குத்திக் கொடுப்பார்கள் போல என்று நம்பிக் கிளம்பிவிட்டார். அது முன்கூட்டியே எடுக்கவேண்டிய விசிட் விசா. நம் மதுரை விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் போடும் இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மகளுக்காக ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போன நாலு முழம் மல்லிகைச்சரம் அப்படியே பெருங்குடியிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பியது.

சனிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். உதவுங்கள்.

மேலூர் வாத்தியார், செவ்வாய் மதியம்

தம்பி, 'வருகை' குழப்புகிறது என்பது இருக்கட்டும், முதலில் அது இலக்கணப்படியே பொருந்தாது. செலவு, வரவு, தரவு, கொடை என்ற நாலு சொல்லையும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இடம் பிரித்து வைத்திருக்கிறார். "தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீரிடத்த." வருவது என்னிடமோ உன்னிடமோதான். மூன்றாவது ஆளிடம் செல்வதுதான் உண்டு. மதுரையில் உட்கார்ந்து துண்டறிக்கை படிக்கிறவனுக்குத் துபாய் படர்க்கை இடம். அவன் அங்கே செல்கிறான், வரவில்லை. துபாய்க்காரன் எழுதினால் 'வருகை' சரி.

ஆகவே 'சென்றடைவு நுழைவிசைவு'. நுழைவு + இசைவு எப்படி நுழைவிசைவு ஆகும், வு குற்றியலுகரம் இல்லையே என்று யாராவது கிளம்புவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நன்னூலில் "முற்றும் அற்று ஒரோவழி" என்று இருக்கிறது. முற்றியலுகரமும் சில இடத்தில் அப்படிக் கெடும்.

தெற்குவாசல், செவ்வாய் இரவு

ஐயாவுக்கு வணக்கம். நான் டிக்கெட் போடும் தொழிலில் பதினாறு வருடமாக இருக்கிறேன். கவுண்டரில் ஒருத்தர் வந்து "சென்றடைவு நுழைவிசைவு கிடைக்குமா அம்மா" என்று கேட்டால் எழுந்து நின்று கும்பிடுவேன். ஆனால் உசிலம்பட்டியிலிருந்து வரும் ஆத்தாவுக்கு யார் இதைப் புரியவைப்பது?

'நுழைவிசைவு' என்பதில் எனக்கு இன்னொரு சங்கடம். விசா இருந்தால் நுழைய விட்டுவிடுவார்கள் என்று அந்தச் சொல் சத்தியம் பண்ணுகிறது. அது உண்மை இல்லை. அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசா 10 வருடத்துக்கு ஒட்டித் தருகிறார்கள். உள்ளே விடுவதா, எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்குகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். பத்து வருட விசா என்றால் பத்து வருடம் இருக்கலாம் என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. விசா என்பது வாசல்வரை போய்க் கதவைத் தட்டுவதற்கான அனுமதி, அவ்வளவுதான்.

அப்புறம் நீங்கள் எல்லாரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எங்களுக்குக் குறைந்தது நாலு வேண்டும். விசாவே வேண்டாம் என்கிற நாடு ஒன்று, நேபாளம் மாதிரி. இங்கிருந்தே இணையத்தில் பதிந்து ஒப்புதல் வாங்குவது ஒன்று, இலங்கைக்கு 2012 முதல் இருக்கிற ஈடிஏ மாதிரி. கடவுச்சீட்டைக் கொடுத்து ஒட்டி வாங்குவது ஒன்று, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்துத் தரும் ஷெங்கன் மாதிரி. அங்கே போய் இறங்கின பிறகு தருவது ஒன்று, மாலத்தீவு மாதிரி, அங்கே கிட்டத்தட்ட எந்த நாட்டுக்காரர் இறங்கினாலும் 30 நாள் கட்டணமில்லாமல் தருகிறார்கள், ஆனால் 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. 2023 கடைசியில் இலங்கை நம்மவர்களுக்குக் கட்டணத்தை நீக்கியபோது 'இலவச விசா' என்று செய்தி வந்தது. பாதிப் பேர் விசாவே வேண்டாம் என்று படித்துக்கொண்டார்கள், வளைகுடா போய்வந்தவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லி அங்கே காசு வாங்கிக்கொண்டு விற்கும் 'ஃப்ரீ விசா' என்று படித்துக்கொண்டார்கள். கட்டணம் இல்லையே தவிர, பதிவு அப்போதும் உண்டு.

தல்லாகுளம், புதன் காலை

நண்பர்களே, வேரைப் பார்க்காமல் கிளையை ஆட்டுகிறீர்கள். விசா என்பது லத்தீனில் 'கார்த்தா விசா', அதாவது பார்க்கப்பட்ட தாள். பார்த்தல் என்ற வினையிலிருந்து வந்தது. நம் பள்ளிகளில் தலைமையாசிரியர் பாடக்குறிப்பேட்டில் சிவப்பு மையில் 'பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாரே, அதேதான்! ஆக விசாவுக்கு 'பார்வைச்சீட்டு'. இன்னும் ஆழமாகப் போனால் தமிழின் 'விழி'க்கும் லத்தீன் 'விசா'வுக்கும் உறவு இருக்கவே செய்யும். விழி, விழிசை, விசை என்று...

மேலூர் வாத்தியார், புதன் காலை

'விழிசை' என்று ஒரு சொல் எந்த நிகண்டில் இருக்கிறது? போன மாதம் 'பஸ்' என்பது 'பையச் செல்வது' என்றீர்கள், பொறுத்துக்கொண்டோம்.

தல்லாகுளம், புதன் மதியம்

சரி, விழியை விடுகிறேன். ஆனால் மதுரைக்காரர்கள் இதில் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதை விடமாட்டேன். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை. கோவலன் மதுரைக் கோட்டைக்குள் நுழைகிறான். "கடிமதில் வாயில் காவலிற் சிறந்த, அடல்வாள் யவனர்க்கு அயிராது புக்கு." வாசலில் வெளிநாட்டுக் காவலர்கள் வாளோடு நிற்கிறார்கள். அவர்கள் சந்தேகப்படாதபடி அவன் உள்ளே போகிறான். இமிகிரேஷன் என்றால் வேறு என்ன! அயிர்த்தல் என்றால் ஐயப்படுதல். விசாவுக்கு 'அயிராவோலை' என்று வைத்தால் உலகத்தில் எந்த மொழியிலும் இவ்வளவு துல்லியமான சொல் இருக்காது.

முத்திரை குத்துவதற்குப் பட்டினப்பாலையில் "புலி பொறித்துப் புறம் போக்கி" என்று இருக்கிறது. சுங்கத்தில் பொதிகள்மேல் சோழனுடைய புலிச் சின்னம் பதிப்பது. ஆகவே ஆன் அரைவல் ஸ்டாம்புக்கு 'அடைவுப்பொறி'.

தெற்குவாசல், புதன் மதியம்

பொறி என்றால் எங்கள் வீட்டில் எலிக்கு வைப்பது, ஐயா. ஏற்கனவே இமிகிரேஷன் என்றால் பயந்து நடுங்குகிற சனம். (அந்த யவனர் வரி எனக்குப் பிடித்திருக்கிறது, அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டப்போகிறேன்.)

சிங்கைவாசி, புதன் இரவு

உசிலம்பட்டிதான் சொந்த ஊர், இங்கே வந்து பல வருடம் ஆகிவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாஸ்போர்ட்டுக்குக் 'கடப்பிதழ்' என்றும் எழுதுவார்கள், இமிகிரேஷனுக்குக் 'குடிநுழைவு'. அரசாங்க அறிவிப்பிலேயே வரும், யாருக்கும் விக்குவதில்லை. இலங்கையில் 'குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்' என்று பலகையே தொங்குகிறது, ஆனால் விசாவை அவர்கள் 'வீசா' என்றே விட்டுவிட்டார்கள். எது கவுண்டரில் பழகுகிறதோ அது நிற்கும், பழகுவதற்குப் பலகை வேண்டும். நம்மிடம் பலகை இல்லை, குழுமம்தான் இருக்கிறது.

அம்மா இங்கே வந்தபோது என்ன ஆனது தெரியுமா? சிங்கப்பூருக்கு இந்தியர்கள் விசா எடுக்க வேண்டும். அது போக, வருவதற்கு 3 நாளுக்குள் இணையத்தில் 'அரைவல் கார்ட்' நிரப்ப வேண்டும். யாரோ அதை 'வருகை அட்டை' என்று சொல்லிவிட, இதுதான் வருகை விசா போல என்று அம்மா நினைத்துவிட்டார். நல்லவேளை, நான் முன்னாலேயே விசா எடுத்து அனுப்பியிருந்தேன். ஆக, 'வருகை' என்ற சொல்லுக்குள் இப்போது மூன்று பேர் குடியிருக்கிறார்கள்.

மேலூர் வாத்தியார், வியாழன் காலை

'வீசா' எனக்கு ஆகாது. அது 'வீசாத' என்பதன் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வீசாத் தென்றல் என்றுதான் என் காதில் விழுகிறது. 'விசா' என்று குறிலாக எழுதினால், ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன், வடசொல்லை எடுக்கும்போது வடவெழுத்தை ஒருவ வேண்டும், அதாவது நீக்க வேண்டும் என்று தொல்காப்பிய எச்சவியல் சொல்கிறதே, இதில் ஒருவுவதற்கே ஒன்றும் இல்லை. இரண்டும் தமிழ் எழுத்து. அதனால் துண்டறிக்கையில் 'விசா'வைச் சகித்துக்கொள்கிறேன். பாடநூலுக்குச் சகிக்கமாட்டேன். 'நுழைவுச்சீட்டு' என்று மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள், அது பிளஸ் டூ ஹால் டிக்கெட்.

புதூரான், வியாழன் இரவு

ஐயா இறங்கிவந்ததே பெரிய விஷயம். விசா நின்றுவிட்டது, முன்னால் என்ன சேர்ப்பது? என் யோசனை: 'வாசல் விசா'. தெற்குவாசல் அம்மா கதவைத் தட்டுவது என்று சொன்னதிலிருந்து தோன்றியது. மதுரைக் கோட்டையை வெள்ளைக்காரர் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் இடித்தும், கீழவாசல் தெற்குவாசல் என்று நாம் இன்னும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம். வாசல் என்றால் உள்ளே போகிற இடம் என்று மதுரைக் குழந்தைக்குத் தெரியும். விமான நிலையம், துறைமுகம், தரைவழி எல்லை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

தெற்குவாசல், வெள்ளி காலை

எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. வாசலில் வைத்துக் கொடுப்பதை நாம் வேறு எதற்குச் சொல்வோம், யோசியுங்கள். தவிர, எந்த வாசல்? மதுரையில் ஏறுகிற வாசலா, அங்கே இறங்குகிற வாசலா? செல்லூர்க்காரர் மாட்டியதே முதல் வாசலில்தான். அங்கே நிறுத்துவது நம் அரசாங்கம்கூட இல்லை, விமானக் கம்பெனி. உரிய தாள் இல்லாத ஆளை ஏற்றிப்போனால் திருப்பி அழைத்து வருவது அவர்கள் தலையில், பல நாடுகளில் அபராதம் வேறு. அதனால்தான் கவுண்டர் பையன் அவ்வளவு கறாராக இருக்கிறான். சொல்லில் இறங்குவது இருக்க வேண்டும். 'இறங்கினதும் விசா' என்று வாயால் சொல்லித்தான் நான் விளக்குகிறேன், ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லை.

தல்லாகுளம், வெள்ளி மதியம்

'இறங்குவிசா'! வினைத்தொகை. இறங்கிய, இறங்குகிற, இறங்கும், மூன்று காலமும் உள்ளடங்கும்.

மேலூர் வாத்தியார், வெள்ளி மதியம்

மூன்று காலமும் அடங்குவதுதான் குற்றம். இறங்கிய பிறகா, இறங்கும் முன்னா என்பதுதானே வழக்கே?

சிங்கைவாசி, வெள்ளி இரவு

இந்தோனேசியாவில் இதற்கும் மேல். ஆன் அரைவல் விசாவை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். இறங்குவதற்கு முன்னால் இறங்குவிசா! நம்ம இந்தியா என்ன செய்தது? 2014 நவம்பரில், இங்கே வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்பதிவு செய்து வாங்கும் விசாவுக்கு ஆன் அரைவல் என்று பெயர் வைத்து, எல்லாரும் குழம்பி, 2015 ஏப்ரலில் இ-டூரிஸ்ட் விசா என்று மாற்றினார்கள். ஆங்கிலத்திலேயே சரியாக வராததை நாம் சனிக்கிழமைக்குள் சரி செய்யப் பார்க்கிறோம்.

புதூரான், சனி காலை

அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. 'இறங்கியபின் விசா' என்று போட்டு அனுப்பிவிட்டேன், முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'ஆன் அரைவல்' என்று தமிழ் எழுத்தில் சேர்த்திருக்கிறேன். மற்றவை: 'விசா வேண்டாத நாடுகள்', 'கிளம்பும் முன் இணைய ஒப்புதல்', 'ஒட்டி வாங்கும் விசா'. இலவசம் என்ற சொல்லையே எங்கும் பயன்படுத்தவில்லை. இந்தோனேசியாவை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டேன். மூன்று பேர் சரி என்றீர்கள், ஒருவர் பதில் சொல்லவில்லை, அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மேலூர் வாத்தியார், சனி காலை

மௌனம் சம்மதம் என்பது கல்யாண வீட்டில். 'இறங்கியபின் விசா' சொல் அல்ல, சொற்றொடர். கலைச்சொல் என்று எந்தப் பட்டியலிலும் ஏற்றாதீர்கள். என் மாணவர்களுக்குச் 'சென்றடைவு நுழைவிசைவு' என்றே சொல்லிக்கொடுப்பேன்.

தெற்குவாசல், சனி மாலை

நன்றி தம்பி, நூறு பிரதி எனக்கும் வேண்டும். ஒன்று கேட்க மறந்துவிட்டேன், நடுவில் விமானம் மாறுகிறவர்களுக்கு டிரான்சிட் விசா என்று ஒன்று உண்டே, அதற்கு என்ன போட்டீர்கள்?