நாற்காலியில் சறுக்கிக்கொண்டே போகும் குழந்தை: வகுப்பில் என்ன செய்யலாம்?

மழலை_டீச்சர்:
4 வயதுக் குழந்தை, பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் தசைக் கட்டுப்பாடு குறைவது), இரண்டு காலிலும் இறுக்கம். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தால் பத்து நிமிஷத்தில் இடுப்பு முன்னால் சறுக்கி, முதுகு கூன் விழுகிறது. நெஞ்சில் துணி கட்டியும் பயனில்லை. இந்த நாற்காலியையே சரிசெய்ய முடியுமா?

பிசியோ_குறிப்பு:
முதலில் அந்தத் துணியை அவிழ்த்துவிடுங்கள். இடுப்பு சறுக்கினால் அது கழுத்துக்கு ஏறும். பிடிக்க வேண்டியது இடுப்பை.

புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை டேப் வைத்து அளந்து, 2–3 செ.மீ. கழியுங்கள், இருக்கையின் ஆழம் அவ்வளவுதான் இருக்கணும். கூடினால் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் முட்டும், குழந்தை முன்னால் நகராமல் என்ன செய்யும்? முதுகுப் பக்கம் கெட்டியான ஃபோம் பலகை வைத்து ஆழத்தைக் குறையுங்கள். தலையணை வேண்டாம், அமுங்கிவிடும்.

வெல்குரோ பெல்ட் தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் படிந்து, இருக்கைக்குச் சுமார் 45 டிகிரி சாய்வில் கீழே, பின்பக்கமாக இழுக்கணும். வயிற்றுக்கு ஏறினால் வீண். பாதம் முழுக்கப் பதிய ஒரு பெட்டியும் வேண்டும்.

சிறப்புக்_கல்வி:
அந்தப் பெட்டியில்தான் பலர் தவறுகிறார்கள். முன்னால் தள்ளி வைத்தால் கால் நீளும், தொடையின் பின்தசை இடுப்பை இழுக்கும், மறுபடி சறுக்கல். முழங்காலுக்கு நேர் கீழே வையுங்கள். மேசையைக் கடைசியாக, முழங்கை உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். தரையில் காலை நீட்டி உட்கார வைத்தாலும் இதே கதைதான். கதை நேரத்துக்குத் தாழ்ந்த ஸ்டூல் நல்லது, மற்ற பிள்ளைகளின் கண் மட்டத்துக்கும் அருகில் இருக்கும்.

திட்ட_ஒருங்கிணைப்பு:
தனிநபர் கல்வித் திட்டத்தில் (இந்தக் குழந்தைக்கென்றே இலக்குகளை எழுதும் திட்டம்) ‘உட்காரும் திறன் மேம்படும்’ என்று எழுதாதீர்கள், அதை எப்படி அளப்பது? ‘சிற்றுண்டி வேளையில் பெல்ட், பெட்டியோடு 15 நிமிஷம் சறுக்காமல் உட்கார்ந்து, இரு கையாலும் டம்ளரைப் பிடிப்பாள்’ என்று எழுதுங்கள். பெல்ட் போடுவது யார், மறு அளவு எப்போது என்பதும் அதிலேயே இருக்கட்டும். இந்த வயதில் 3–4 மாதத்துக்கு ஒருமுறை அளக்கணும். நிர்வாகம் செலவுக்குத் தயங்கினால், 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவைக் காட்டுங்கள். கல்வியில் நியாயமான வசதி செய்துதரச் சொல்வது அதுதான்.

மழலை_டீச்சர்:
நன்றி. இடுப்பை நேராக வைத்தாலும் ஒரு முழங்கால் மட்டும் பின்தங்கித் தெரிகிறதே?

பிசியோ_குறிப்பு:
இழுத்துச் சமன் செய்யாதீர்கள். அந்தப் பக்க இடுப்பு மூட்டு நழுவியிருக்கலாம். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்த பிறகு அளவெடுங்கள்.