தம்பியின் கையெழுத்து சுருங்கிக்கொண்டே போகிறது, யாருக்காவது இப்படி இருந்ததா?

மதுரை அக்கா:
தம்பிக்கு 17 வயது, பிளஸ் டூ. முத்து முத்தாக எழுதுவான். இந்த வருடம் எழுத்து பொடிப்பொடியாகி வரி கோணுகிறது. டம்ளர் பிடித்தால் கை ஆடுகிறது, பேச்சு குழறுகிறது. படிக்கும்போதே வாயோரம் எச்சில் வழிகிறது, சட்டென்று எரிந்து விழுகிறான். பரீட்சை பயம் என்று ஒரு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் மட்டும் கூடுதல். அப்பா தன் அக்கா மகளைக் கட்டியவர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்த்தி:
பி12, தைராய்டு பார்த்தீர்களா?

திருச்சி அண்ணன்:
அதையும் பார்க்கட்டும். ஆனால் இளம் வயதில் கையெழுத்தும் கல்லீரலும் சேர்ந்து கெட்டால் வில்சன் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். என் தங்கைக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பாட்டில் வரும் செம்புச்சத்தில் மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ளும். ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் அது நடக்காது. செம்பு முதலில் கல்லீரலில் சேரும், அப்புறம் மூளையில் படியும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய். அதனால்தான் சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் அதிகம்.

நரம்பியல் டாக்டரிடம் நீங்களே பேச்சை எடுங்கள். கண் டாக்டர் ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் கருவிழி ஓரத்தில் பழுப்புப் பச்சை வளையம் தெரிகிறதா என்று பார்ப்பார். நரம்புக் கோளாறு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கும். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்தால் சந்தேகம் வலுக்கும். 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலும் அப்படித்தான். தம்பிக்கு உறுதியானால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் அக்கா. கூடப்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

மதுரை அக்கா:
படிக்கவே பயமாக இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று செம்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம்!

திருச்சி அண்ணன்:
அவனுக்கு இன்றே நிறுத்துங்கள். குடத்தால் நோய் வராது, ஆனால் இது இருப்பவர்களுக்கு ஆகாது. ஈரல், நண்டு, முந்திரி, சாக்லேட்டும் இப்போதைக்கு வேண்டாம். பயப்படாதீர்கள், இதற்கு மருந்து இருக்கிறது. செம்பை வெளியேற்றப் பெனிசிலமின், குடல் உறிஞ்சாமல் தடுக்கத் துத்தநாகம். பெனிசிலமின் தொடங்கிய புதிதில் சிலருக்கு நடுக்கம் கூடும். அப்போது நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் ஓடுங்கள். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து. என் தங்கை இன்று தன் கையால் பரீட்சை எழுதுகிறாள்.

சிறுநீர் பிடிக்கும் கேனை லேபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும்.