காசத்தொற்றுக் குருதிச் சோதனை: கலைச்சொல் ஒன்று வேண்டும்

வவுனியாவிலிருந்து:

வணக்கம். மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்று தமிழில் தயாராகிறது. குருதியில் இன்ரபெரோன் காமாவை, அதாவது நோயெதிர்ப்புக் குழியங்கள் சுரக்கும் ஒரு புரதத்தை, அளக்கும் சோதனைக்கு (ஆய்வுகூடங்களில் ‘இக்ரா’ என்கிறோமே, அதுதான்) வரைவில் ‘காசநோய்க் குருதிப் பரிசோதனை’ என்று இருக்கிறது. இன்னொருவர் ‘இன்ரபெரோன் காமா வெளியேற்ற மதிப்பீடு’ என்கிறார். வன்னியில் வெளியேற்றம் என்றால் சனத்துக்கு வேறொன்றுதான் ஞாபகம் வரும். உங்கள் அபிப்பிராயம் என்ன?

மன்னாரிலிருந்து:

முதல் பெயரை உடனே எடுத்துவிடுங்கள், அண்ணை. அந்தச் சோதனை காசநோயைக் கண்டுபிடிப்பதில்லை. கிருமி எப்போதோ உடலுக்குள் வந்ததை நிணநீர்க்குழியங்கள் ஞாபகம் வைத்திருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது. தொற்று உறங்கிக்கொண்டிருந்தாலும் நேர் (பொசிற்றிவ்), நோயாக மாறியிருந்தாலும் நேர். சிகிச்சை முடிந்து வருடங்கள் போனாலும் பலருக்கு நேராகவே நிற்கும்.

மறுபக்கம் இன்னும் மோசம். உண்மையான நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மறை (நெகற்றிவ்) என்று வரும். மெலிந்தவர், எச்.ஐ.வி உள்ளவர், ஸ்ரிரொயிட் எடுப்பவர் என்றால் இது கூடும். இருமலோடு வந்தவரிடம் ‘காசநோய்க் குருதிப் பரிசோதனை மறை’ என்ற துண்டைக் கொடுத்தால் அவர் சளி கொடுக்கத் திரும்பி வரமாட்டார். நேர் என்று வந்தவருக்கு, நோய் இல்லையென்று உறுதிப்படுத்தாமல் தடுப்புச் சிகிச்சையாக ஐசோனியசிட் மட்டும் தொடங்கினால், உள்ளே நோய் இருக்கும் பட்சத்தில் மருந்துக்கு மசியாத கிருமியை நாங்களே வளர்க்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2011 இலேயே வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் நோய்நிலைக் காசத்தை அறிய இதைப் பாவிக்க வேண்டாம் என்றது. பிறபொருளெதிரி பார்க்கும் மலிவான குருதிச் சோதனைகளுக்கும் அதே ஆண்டில் எதிர்ப்புத் தெரிவித்தது. சனம் இரண்டையும் ‘ரிபி ரெஸ்ற்’ என்றே சொல்வதால் பெயரில் வித்தியாசம் தெரிய வேண்டும். நோயைக் காட்ட சளியும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பேர்ட்டும், எக்ஸ்ரேயும்தான்.

கிளிநொச்சியிலிருந்து:

டொக்டர் சொன்னதோடு உடன்பாடு. பெயர் வைக்கிறவர்களுக்குச் செய்முறை தெரிந்தால் நல்லது. பரவலாகப் பாவிக்கும் குவாண்டிபெரோன் பிளஸ் முறையில் நாலு குழாய். ஒவ்வொன்றிலும் 1 மில்லிலீற்றர் குருதி. சாம்பல் மூடி வெறுங்குழாய். பச்சையிலும் மஞ்சளிலும் ஈசாற்-6, சீ.எஃப்.பி-10 என்ற கிருமிப் புரதங்களின் துண்டுகள். ஊதா மூடியில் எந்தக் குழியத்தையும் உசுப்பும் பொருள். பீ.சி.ஜி தடுப்பூசிக் கிருமியில் இந்த இரு புரதங்களும் இல்லை; அதனால் தடுப்பூசி போட்டதால் நேர் வராது. தோலில் குத்தும் பழைய மன்ரூ சோதனையைவிட இதற்குள்ள பெரிய அனுகூலம் இதுதான்.

குருதி எடுத்தவுடன் பத்துத் தடவை குலுக்க வேண்டும், உட்சுவர் முழுக்க நனையும்படி. தூண்டும் பொருள் அந்தச் சுவரில்தான் பூசியிருக்கிறது. மெதுவாகச் சரித்தால் பச்சை, மஞ்சள் குறைவாகக் காட்டும். நுரைக்க நுரைக்க அடித்தால் வெறுங்குழாயின் அளவே ஏறிவிடக்கூடும். 16 மணித்தியாலத்துக்குள் 37 பாகை அடைகாப்பானில் போய், 16 முதல் 24 மணித்தியாலம் இருக்க வேண்டும். அதுவரை 17 முதல் 27 பாகை. பங்குனி, சித்திரையில் ஒட்டுசுட்டானிலிருந்து வாகனத்தில் வரும் குழாய்க்கு அந்த 27 ஐக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஐஸ் பெட்டிக்குள்ளும் இந்தக் குழாய்களைப் போடக்கூடாது. தூரம் என்றால் லிதியம் ஹெப்பரின் குழாயில் எடுத்து, 2 முதல் 8 பாகையில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, குருதியைக் கிருமிப் புரதத்தால் தூண்டி, குழியங்கள் சுரந்ததை அளக்கிறோம். ‘வெளியேற்ற’ வேண்டாம், ‘சுரப்பு’ போதும்.

மல்லாவியிலிருந்து:

முறையான பெயர் ‘இன்ரபெரோன் காமாச் சுரப்புச் சோதனை’. துண்டுப்பிரசுரத்துக்கு ‘காசத்தொற்றுக் குருதிச் சோதனை’. பெயரில் ‘நோய்’ போய்த் ‘தொற்று’ வந்துவிட்டது. ‘குருதி’ இருக்கட்டும், அதே புரதங்களை வைத்துத் தோலில் குத்தும் சோதனைகளும் இப்போது உண்டு.

வரைவில் எனக்கு உறுத்துவது வேறு. உறங்கும் தொற்றுக்கு ‘மறைதொற்று’ என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் நேர், மறை என்றால் கணிதத்துக் குறிகள். ஆய்வுகூட அறிக்கையிலும் அதே மறை. ‘மறைதொற்று: நேர்’ என்று அச்சடித்தால் தாதியே இரண்டுதரம் வாசிப்பார். ‘உறங்கு தொற்று’ என்று போடுங்கோ. அதற்கு எதிர்ச்சொல்லாக ‘செயல்நிலைக் காசம்’ என்று சுற்றத் தேவையில்லை. டொக்டர் பாவித்த ‘நோய்நிலைக் காசம்’ நன்றாக இருக்கிறது.

கிளிநொச்சியிலிருந்து:

மூன்றாவது வகை முடிவுக்கும் சொல் வேண்டும், ஐயா. பச்சை அல்லது மஞ்சளின் இன்ரபெரோன் காமா அளவிலிருந்து வெறுங்குழாயின் அளவைக் கழித்தால் வருவது, மில்லிலீற்றருக்கு 0.35 சர்வதேச அலகையும் வெறுங்குழாயின் கால்வாசியையும் எட்டினால் நேர். எட்டாவிட்டால் ஊதாவைப் பார்க்கிறோம்: கழித்த பிறகு அதுவும் 0.5 இற்குக் குறைவென்றால் மறை என்று எழுதக்கூடாது. வெறுங்குழாயே 8 ஐத் தாண்டினாலும் நேரும் எழுதமுடியாது, மறையும் எழுதமுடியாது. வரைவில் இதற்கு ‘முடிவிலி’ என்று கிடக்கிறது!

மல்லாவியிலிருந்து:

முடிவிலியைக் கணித வாத்தியாரிடமே விட்டுவிடுவோம். ‘செல்லாது’ என்று போடலாமா, வாக்குச்சீட்டுப் போல?

மன்னாரிலிருந்து:

வேண்டாம், ஐயா. குலுக்கியது பிழையென்றால் செல்லாது சரி. ஆனால் ஊதா குறைவது சிலவேளை அந்த ஆளின் நிர்ப்பீடனமே (நோயெதிர்ப்புச் சக்தியே) தளர்ந்திருப்பதைக் காட்டும். காசம் வந்தால் மோசமாகப் போகக்கூடியவரும் அவர்தான். ‘செல்லாது’ என்றால் கடதாசியைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ‘தீர்மானமில்லை’ என்று போட்டு, கீழே ஒரு வரி: ‘மீண்டும் குருதி கொடுக்கவும், மருத்துவரைச் சந்திக்கவும்.’

நேர், மறை, தீர்மானமில்லை மூன்றுக்கும் பொதுவாக இன்னொரு வரியும் சேர்த்துவிடுங்கள், அண்ணை: ‘இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், இந்த முடிவு எதுவாயினும் சளி பரிசோதிக்க வேண்டும்.’ அதைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லுங்கள்.