திகில் குறும்படத்தில் சந்தேகம் யார்மீது விழ வேண்டும்?

கேள்வி:
கோலாலம்பூரில் மாணவர்களாகிய நாங்கள் எடுக்கும் திகில் குறும்படத்தில், செந்தூல் அடுக்குமாடியில் ஒரு பெண் காணாமற்போக, முதல் சந்தேகம் முன்பு குண்டர் கும்பலில் இருந்த தமிழ் இளைஞன்மீது விழுகிறது, நம்மவரையே இழிவுபடுத்துகிறோமோ?

மறுமொழி 1:
சந்தேகம் விழலாம், தம்பி. யார் பார்வையில் விழுகிறது என்பதைக் காட்டுங்கள். நேப்பாளப் பாதுகாவலரும் இந்தோனேசியப் பணிப்பெண்ணும் வசனமின்றி வந்துபோனால் அதுவும் இதே பிழைதான்.

மறுமொழி 2:
கேமராவைத் தரையோரம் வைத்து அவனை அண்ணாந்து பார்த்தாலே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மாவுக்கு மைலோ பானம் கலக்குபவனாக, கண்மட்டத்தில் முதலில் அறிமுகப்படுத்துங்கள்.

மறுமொழி 3:
1980, 90களில் ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புக்காக விற்கப்பட, பல தமிழ்க் குடும்பங்கள் நகரத்துப் புறம்போக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தன; அவன் குடும்பத்தின் பின்னணியும் அதுவாகலாம். அவன் வீட்டுச் சுவரில் தாத்தா ரப்பர்ப் பால் எடுக்க மரம் சீவிய பால்வெட்டுக் கத்தி தொங்கினால் போதும், வசனம் வேண்டாம்.